"போதும்டா சாமி" என்றொரு கமிட்

டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி என் நாற்காலியருகே வந்து நின்றான். "அண்ணா, இந்த இடத்துல கோட் மூணு செகண்ட் சும்மா நிக்குதே, எதுக்கு? தூக்கிடலாமா?"

"எவன் எழுதினான்னு கிட் பிளேம் போட்டுப் பாரு" என்றேன் கெத்தாக. கோடில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று கணக்கு வைக்கும் மென்பொருள் கிட்; ஒரு வரியைக் கடைசியாகத் தொட்டது யார் என்று காட்டிக்கொடுப்பது பிளேம்.

"பாத்துட்டுதாண்ணா வந்தேன்."

அந்தப் பணிவிலேயே வயிற்றைக் கலக்கியது. எழுதியவன் நான்தான். 2 வருஷத்துக்கு முன்னால், ராத்திரி 1:47. அந்த மாற்றத்தைப் பதிவு செய்த கமிட்டோடு எழுதிய மெசேஜ்: "மறுபடியும் அதே".

"எதுண்ணா அதே?"

எனக்கென்ன தெரியும்? பழைய கமிட்களின் பட்டியலான லாகைத் தோண்டினோம். "ஃபிக்ஸ்", "ஃபிக்ஸ் 2", "இது கண்டிப்பா", "போதும்டா சாமி". ஒன்றில் வெறும் புள்ளி. காலி மெசேஜைக் கிட் ஏற்காது, ஒரு புள்ளி வைத்தால் விட்டுவிடும். அந்த விவரம் மட்டும் அன்றைக்குத் தெளிவாக இருந்திருக்கிறது. என்ன மாறியது என்று காட்டும் டிஃபில் பார்த்தால் 3 செகண்ட் 5 ஆகி, 2 ஆகி, திரும்ப 3-க்கே வந்திருந்தது. ஏன் என்று ஒரு வார்த்தை இல்லை.

"கிட்டை உருவாக்கின லினஸ் டோர்வால்ட்ஸே 2005-ல கிட்டோட முதல் கமிட்ல 'நரகத்திலிருந்து வந்த தகவல் மேலாளர்'னு எழுதினவர்தான்" என்று சமாளித்தேன்.

"அதுல எதைப் பத்தின்னாவது புரியுதேண்ணா."

சரி, தூக்கிப் பார்த்தோம். டெஸ்ட் எல்லாம் பச்சை. சாயங்காலம் ரிப்போர்ட் பாதியாக வந்து நின்றது. ஒரு புரோகிராம் ஃபைலை எழுதி முடிப்பதற்குள் இன்னொன்று படிக்க ஆரம்பித்துவிடுகிறது. அந்த மூன்று செகண்ட் அதற்குப் போட்ட ஒட்டு. இந்த முறை ஒழுங்காகச் செய்தோம்: தற்காலிகப் பெயரில் எழுதி, முடிந்தபின் பெயரை மாற்று.

கமிட் மெசேஜையும் முறையாகவே எழுதினேன். தலைப்பு 50 எழுத்துக்குள், ஒரு வரி இடைவெளி, கீழே வரிக்கு 72 எழுத்தில் மடக்கி முழுக் காரணமும். இருபது நிமிஷம் செதுக்கி, டீமின் பொதுக் கோடுக்குப் புஷ் செய்துவிட்டு, தம்பியைப் பெருமையாகப் பார்த்தேன்.

"அண்ணா, இதுல ஒரு ஸ்பேஸ்தான் மாறியிருக்கு."

நிஜமான ஃபைலைக் கமிட்டில் ஆட் செய்யவே இல்லை. அந்தக் கமிட்டையே திருத்தி அமெண்ட் பண்ணலாமென்றால் அதற்குள் இரண்டு பேர் அதைத் தங்கள் மெஷினுக்குப் புல் பண்ணியாயிற்று. பதற்றத்தில் அந்த ஃபைலைத் தனியாகக் கமிட் செய்து அனுப்பினேன். தம்பி உடனே அந்த வரிக்குப் பிளேம் போட்டு, திரையை என் பக்கம் திருப்பினான்.

என் பெயர். இன்றைய தேதி. மெசேஜ்: "விட்டுப்போனது".