பெயர் வராதவர்கள்

மதியம் சாப்பிட்டுக்கொண்டே ஒரு பழைய காணொளியைப் பார்த்தேன். பாதியில் கை அப்படியே நின்றுவிட்டது.

பாக்தாத், 22 ஜூலை 1979. ஈராக்கை ஆண்ட பாத் கட்சியின் கூட்டம். மேடையில் சதாம் உசேன், கையில் சுருட்டு. பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்கிறார்கள். பெயர் வந்தவர் எழுகிறார், வெளியே கொண்டுபோகிறார்கள்.

நடுவில் சதாம் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்.

பெயர் வராதவர்கள் எழுந்து அவரை வாழ்த்திக் கத்துகிறார்கள். அந்தக் குரல்களில் இருக்கும் பயம் இன்னும் காதிலேயே இருக்கிறது.

சுமத்திய குற்றம், சிரியாவோடு சேர்ந்து சதி. சிரியாவை ஆண்டதும் பாத் கட்சிதான்! 1978 அக்டோபரில்தான் இரண்டு நாடுகளும் இணைவதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தன.

சரி, சதாமுக்கு முன் ஈராக் அதிபராக இருந்த அல்-பக்ர் பதவி விலகாமல் இருந்து, அந்த இணைப்பு நடந்திருந்தால்?

நல்லாட்சி வந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. 1982-ல் கிளர்ச்சியை அடக்க, சிரிய அதிபர் ஹஃபீஸ் அல்-அசாத் தன் நாட்டின் ஹமா நகரத்தை என்ன செய்தார் என்று தெரிந்தவர் யாரும் நம்பமாட்டார். ஆனால் ஈரானோடு இணக்கமாக இருந்த அசாத், 1980-ல் ஈரான் மீது சதாம் நடத்திய படையெடுப்புக்கு ஒத்துக்கொண்டிருப்பாரா? எட்டு வருடப் போர் இல்லை. எல்லையில் செத்த பையன்கள் இன்று பேரன் பேத்தி எடுத்திருப்பார்கள்.

அதையேதான் சாயங்காலம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அந்தக் கூட்டத்துக்குப் பிறகு 20-க்கும் மேற்பட்டோருக்கு மரண தண்டனை. சுடுவதற்குத் துப்பாக்கியைக் கொடுத்தது, உடனிருந்த கட்சிக்காரர்கள் கையில்.