வாத்தியாரம்மா வீட்டுக்குப் போய் வந்தேன்

நேற்று இரவுதான் கோலாலம்பூர் திரும்பினேன். பையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. ஊரார் வாத்தியாரம்மா என்று அழைத்த என் பாட்டியின் பதினாறாம் நாள் காரியத்துக்காகப் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போயிருந்தேன். வழி, செலவு, சாப்பாடு என்று வரிசையாக எழுதினால் அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு உதவுமே என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டே வந்தேன். எழுத உட்கார்ந்தால் பாட்டிதான் முன்னால் வந்து நிற்கிறார்.

முதலில் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். பள்ளி விடுமுறை என்பதால் ரயிலில் ஓர் இருக்கைகூட இல்லை. 27 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து ஏறிய பஸ் ஒன்றரை மணி நேரம் தாமதமாகப் புறப்பட்டது. ஏன் என்று சொல்ல ஆளில்லை. குளிர்சாதனத் துளையிலிருந்து ஈப்போ வரைக்கும் தோளில் தண்ணீர் சொட்டியது. ஈப்போவின் அமான்ஜாயா பஸ் நிலையத்தில் இறங்கியபோது இரவு பத்தரை. கைப்பேசியில் உயிர் இல்லை. அங்கிருந்து சுங்கை சிப்புட் ஏறக்குறைய 20 கிலோமீட்டர். டாக்சிக்காரர் கேட்டது 70 வெள்ளி. பேசிப் பேசி 60க்கு இறங்கினார். சாவு வீட்டுக்குப் போகிறேன் என்று சொன்ன பிறகும் அதற்குக் கீழே வரவில்லை. பகல் கொள்ளையை இரவில் செய்கிறார்கள். என் மாதச் சம்பளத்தில் 60 வெள்ளி சின்னத் தொகை இல்லை. நீங்கள் போவதானால் பகலில் போங்கள். ஈப்போ மேடான் கிட் பஸ் நிலையத்திலிருந்து கோலகங்சார் போகும் உள்ளூர் பஸ் சுங்கை சிப்புட் வழியாகத்தான் போகிறது, சில வெள்ளிதான் ஆகும்.

காலையில் மாமா தன் மோட்டார் சைக்கிளில் பாட்டி வேலை பார்த்த ரப்பர் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். தோட்டம் என்று சொல்ல அங்கே எதுவும் மிச்சமில்லை. பால் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டு எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. தொழிலாளர்கள் குடியிருந்த லயங்கள் இடிக்கப்பட்டுவிட்டன. மாரியம்மன் கோயில் இருக்கிறது. பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் சிமெண்டுத் தரை மட்டும் புல்லுக்கு நடுவில் தெரிகிறது. பள்ளியைத் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) மாற்றிவிட்டார்கள். தோட்டத்தின் பெயரை இன்று சுமப்பது அந்தப் பள்ளியின் பெயர்ப்பலகை ஒன்றுதான். 1957இல் நாட்டில் எண்ணூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இப்போது 530 அளவில்தான் இருக்கின்றன. அந்தத் தரையில் நின்றபோது அந்தக் கணக்கு எனக்குக் கோபத்தைக் கிளப்பியது.

பாட்டி 1932இல் அந்த லயத்தில் பிறந்தவர். ஜப்பான்காரன் காலத்தில் அவருடைய அப்பாவைச் சயாமுக்கு (தாய்லாந்துக்கு) ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பவில்லை. அம்மா காண்டா வாளி (தோள்கம்பில் தொங்கும் பால் வாளி) தூக்கினார். மூன்று பிள்ளைகளும் மரவள்ளிக்கிழங்கில் வளர்ந்தார்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு மரவள்ளி சமைத்ததே கிடையாது. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் பிறந்தது. தோட்டத்தைச் சுற்றி முள்வேலி, அரிசிக்குக் கட்டுப்பாடு. அப்போது பாட்டிக்கு வயது பதினாறு.

1950இல் வாத்தியாரம்மா ஆனார். பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்பது அன்றைய சட்டம். சட்டத்துக்காக ஒரு கொட்டகை போட்டால் போதும் என்று நினைத்த நிர்வாகங்கள் உண்டு. பாட்டியின் பள்ளியில் ஒரே கூடம், ஆறு வகுப்பு, இரண்டு ஆசிரியர்கள். 1987இல் ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு பெறும்வரை அதே தோட்டம்தான்.

பள்ளிக்கூடத்தை விட அவருடைய மாலை நேரங்களைப் பற்றித்தான் வந்தவர்கள் அதிகம் பேசினார்கள். பிரஜாவுரிமை மனு எழுத வேண்டுமா, வாத்தியாரம்மா வீடு. குடியுரிமை இல்லாதவரின் சிவப்பு அடையாள அட்டையைக் குடிமக்களின் நீல அட்டையாக்க வேண்டுமா, வாத்தியாரம்மா வீடு. 1969இல் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் எடுக்க வேண்டும் என்று வந்தபோது வீடு வீடாகப் போய்த் தாள்களை நிரப்பியிருக்கிறார். அப்படியும் பல குடும்பங்கள் பினாங்கு போய் இந்தியா செல்லும் ரஜூலா கப்பல் ஏறிவிட்டன. அவர் வகுப்பில் இருந்த பிள்ளைகளும் அதில் போனார்கள். அதைச் சொல்லும்போது மட்டும் பாட்டி எங்கள் முகத்தைப் பார்க்கமாட்டார்.

அதற்கு முன்னால், 1960இல், இந்த ஊர்க்காரரும் அன்றைய அமைச்சருமான துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார். விற்கப்படும் தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்க வேண்டும், அதற்கு மாதம் பத்து வெள்ளி கட்ட வேண்டும். பால் வெட்டும் பெண்கள் கைநாட்டு வைத்துத்தான் பழகியவர்கள். பாட்டி அவர்களைத் திண்ணையில் உட்காரவைத்து, “உங்கள் பெயர் நாலைந்து எழுத்துதான், போட்டுப் பழகுங்கள்” என்று சொல்லியிருக்கிறார்.

அவர்கள் கையெழுத்துப் போட்டுப் பழகிய நோட்டுகள் இன்னும் இருக்கின்றன! சின்னம்மா தகரப் பெட்டியைத் திறந்தபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. மொத்தம் பதினொன்று. ஒரு பக்கத்துக்கு ஒரு பெண். மேல் வரியில் பாட்டியின் கையெழுத்து, கீழே நடுங்கி நடுங்கி அதே பெயர் இருபது முறை. பால் கறை பட்டுக் கறுத்துப்போன பக்கங்கள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிக்க முடியாத பக்கங்கள். நான் மெதுவாகப் பிரித்தேன். கை நடுங்கியது.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட முடியாது. பாட்டிக்குப் பிடித்ததெல்லாம் படையலில் இருந்தது. கத்தரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரைப் பொரியல், நெத்திலி சம்பல், கறுப்புக் கோப்பி, அதில் தோய்த்துச் சாப்பிட நான்கு கிரீம் கிராக்கர் பிஸ்கட். கொல்லையில் விறகடுப்பு மூட்டி மாமியும் அக்காவும் விடியற்காலை நான்கு மணிக்கே தொடங்கிவிட்டார்கள். அந்தக் குழம்பின் வாசனையில் நான் இரண்டு முறை அழுதேன், மூன்று முறை சோறு வாங்கினேன். கோலாலம்பூரில் வாழையிலைச் சாப்பாடு என்று 20 வெள்ளிக்கு விற்பது இதன் பக்கத்தில் நிற்காது. பிள்ளைகள் ஆறு, பேரப்பிள்ளைகள் பத்தொன்பது, தோட்டத்து ஆட்கள் எத்தனை பேர் என்று எண்ணவில்லை. பந்தி மாலை நான்கு மணி வரை ஓடியது.

வந்தவர்கள் பெயரைத் தம்பி ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான். எண்பத்தெட்டு வயது மூதாட்டி ஒருவர், பழைய பால் வெட்டுக்காரர், பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். “நீ எழுத வேண்டாம், கொடு தம்பி” என்று பேனாவை வாங்கினார். எல்லோரும் காத்திருந்தோம். ஓர் எழுத்து, பிறகு ஒரு மூச்சு. பெயரில் வரும் ‘லை’யைப் பழைய முறையில், யானைத் தும்பிக்கை வைத்து எழுதினார். பாட்டியும் கடைசி வரை அப்படித்தான் எழுதினார்.

தகரப் பெட்டியைப் பற்றிச் சொன்னதும், “என் பக்கம் இருக்கிறதா?” என்று கேட்டார். அவரை நாற்காலியில் உட்காரவைத்துத் தேடத் தொடங்கினோம். இரண்டு நோட்டு முடிவதற்குள் இருட்டிவிட்டது. எனக்கும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. இன்னும் ஒன்பது நோட்டு இருக்கிறது. அடுத்த மாதம் மறுபடி போகிறேன், இந்த முறை பகலில்.