முழுக்கோழியின் உண்மையான விலை

கோழிக்கடைப் பலகையில் பெரும்பாலும் இரண்டு விலைகள் எழுதப்பட்டிருக்கும்: உயிருடன் கிலோ இவ்வளவு, உரித்த கறி கிலோ இவ்வளவு. முதல் விலை குறைவாகத் தெரிவதால் அதையே மலிவு என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. கறியின் விலையை மட்டும் கேட்டு வாங்கிப் போகிறவர்களும் உண்டு. வாரச் செலவில் கோழிக்கறிக்கு ஒரு நிலையான இடம் இருக்கும் வீடுகளில், இந்த இரண்டு விலைகளையும் பொருத்திப் பார்க்கும் பழக்கம் கட்டாயம் இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

கறிக்கோழியில் இரத்தம், இறகு, தலை, பாதம், குடல் ஆகியவை கழிந்தபின், உயிர் எடையில் தோலுடன் ஏறத்தாழ 70 முதல் 75 சதவீதம் வரை மிஞ்சும். தோலையும் உரித்துவிட்டால் 65 சதவீதத்தை ஒட்டி நிற்கும். உயிர்க்கோழி கிலோ 130 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2 கிலோ கோழிக்கு 260 ரூபாய் கொடுக்கிறோம். தோல் நீக்கிய கறி 1 கிலோ 300 கிராம் கிடைக்கிறது. ஆகவே கறியின் அடக்க விலை கிலோ 200 ரூபாய். அதே கோழியைத் தோலுடன் வாங்கினால் ஏறத்தாழ 180 ரூபாய்தான் ஆகிறது. கடையில் நின்றபடியே மனக்கணக்காகப் போட, உயிர் விலையோடு அதில் பாதியைக் கூட்டி, இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டால் போதும். தோல் நீக்கிய கறியின் அடக்க விலை வந்துவிடும். பலகையில் உள்ள கறி விலை இதைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தால் அது வெட்டுபவரின் கூலியும் கடை வாடகையும். அதை நான் நியாயமாகவே கருதுகிறேன். இடைவெளி மிகவும் பெரிதாக இருந்தால், உயிர்க்கோழியாக எடை போட்டு வெட்டித் தரச் சொல்வதே நல்லது.

உயிர் எடைக்குப் பணம் கொடுத்த பிறகு கழுத்து, ஈரல், கிஸர்டு (தீனியை அரைக்கும் தசைப்பை) எல்லாமே நமக்குரியவை. இவற்றைக் கேட்டு வாங்காமல் போகிறவர்கள் மிக அதிகம். ஒரு கோழிக்கு இவை மூன்றும் சேர்ந்து நூறு கிராமுக்கு மேலேயே இருக்கும். வெட்டத் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். எல்லாக் கோழிகளின் ஈரலும் ஒரே தட்டில் சேர்ந்த பிறகு கேட்பது இரு தரப்புக்கும் சங்கடம்.

கோழியின் அளவும் கணக்கில் சேரும். கறிக்கோழி வளர வளர நெஞ்சுச் சதையின் பங்கு கூடுகிறது. ஆதலால் ஒரு கிலோவுக்குச் சற்று மேலான இரண்டு சின்னக் கோழிகளைவிட, இரண்டரைக் கிலோவை நெருங்கும் ஒரே கோழியில் எலும்பை ஒப்பிடும்போது சதை கூடுதலாகத் தேறும். முழுதாகச் சுட்டுச் சமைக்க வேண்டுமென்றால் மட்டும் சின்னக் கோழி தேவைப்படும். அதில் உள்வரை வேகவும் மசாலா இறங்கவும் எளிது.

விலை நாளுக்கு நாள் மாறுவதற்குத் தெளிவான காரணங்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் கறிக்கோழி வளர்ப்பின் மையம் பல்லடம். அங்கே பெரும்பாலும் ஒப்பந்த முறையில், நிறுவனங்கள் குஞ்சும் தீவனமும் மருந்தும் கொடுக்க, விவசாயிகள் ஆறு வாரத்தையொட்டி வளர்த்துத் தந்து வளர்ப்புக் கூலி பெறுகிறார்கள். பண்ணைக் கொள்முதல் விலையை அங்குள்ள ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கிறது. நாளிதழ்களிலும் அது வெளியாகிறது. அதைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போனால், நம் கடைக்காரர் ஏற்றத்தை உடனேயும் இறக்கத்தைத் தாமதமாகவும் காட்டுகிறாரா என்பது சில வாரங்களிலேயே புரிந்துவிடும். புரட்டாசியில் பல வீடுகளில் அசைவம் நிற்பதால் விலை இறங்குவது வழக்கம். கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போடும் நாட்களிலும் விற்பனை தளரும். கோடை வெயிலிலோ கோழிகள் தீவனம் எடுப்பது குறைந்து எடை ஏறாமல் நிற்கும், இறப்பும் கூடும். அப்போது வரத்துச் சுருங்கி விலை ஏறும். மக்காச்சோளமும் சோயாவும் விலை கூடினால் எந்த மாதமானாலும் சுமை நம்மிடம் வந்து சேரும், ஏனென்றால் வளர்ப்புச் செலவில் பெரும்பங்கு தீவனத்துக்கே போகிறது. ஞாயிறு காலைக் கூட்டத்தைத் தவிர்த்து வார நாளில் வாங்குபவருக்கு விலை குறையாவிட்டாலும், கோழியைத் தேர்ந்தெடுக்கவும் தராசைப் பார்க்கவும் நேரம் கிடைக்கிறது.

அந்தத் தராசைப் பார்ப்பது முக்கியம். மின்னணுத் தராசில் ஆண்டுதோறும் முத்திரை புதுப்பிக்கப்பட வேண்டும். கோழியைப் போடும் கூடையை வைத்தபின் எண் பூஜ்யத்துக்கு வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். துள்ளும் கோழியால் எண் ஆடிக்கொண்டிருக்கும். அது நிற்கும்வரை பொறுத்திருப்பது நம் உரிமை. கழுத்தடியில் உள்ள இரைப்பையையும் தொட்டுப் பார்க்கலாம். அது தீனியால் புடைத்திருந்தால் அந்தத் தீனிக்கும் நாம் கோழி விலை கொடுக்கிறோம். சந்தையில் நாட்டுக்கோழி வாங்கும்போது இது இன்னும் அவசியம்.

நாட்டுக்கோழியின் கணக்கே வேறு. அது ஒன்றரைக் கிலோவை எட்ட மாதக்கணக்கில் ஆகிறது, சதையும் குறைவு. ஆகவே கூடுதல் விலை கேட்பதில் தவறில்லை. ஆனால் வேகமாக வளரும் கலப்பினக் கோழிகளும் அதே பெயரில், அதே விலையில் விற்கப்படுவது வாங்குபவருக்கு இழப்பு. எங்கே, எத்தனை மாதம் வளர்ந்தது என்று கேட்டு, தெளிவான பதில் தருபவரிடம் மட்டும் வாங்குவது என் வழக்கம். வயதை அறிய நெஞ்செலும்பின் பின்முனையை அழுத்திப் பார்க்க வேண்டும்: வளைந்து கொடுத்தால் இளங்கோழி, கல்லாக நின்றால் முற்றியது. சேவலில் நீண்ட கால்முள்ளும் முதிர்ச்சியைக் காட்டிவிடும்.

முட்டையிட்டு ஓய்ந்து பண்ணையிலிருந்து கழிக்கப்படும் முட்டைக்கோழியைப் பலர் ஒதுக்குகிறார்கள். நாமக்கல் பகுதியில் முட்டை விலையோடு அதன் விலையும் நாளிதழில் வருகிறது. பல நாட்களில் அது கறிக்கோழியைவிடக் குறைவு. சதை கெட்டியானது என்பது உண்மை. ஆனால் குக்கரில் வழக்கத்தைவிட நெடுநேரம் வேகவிட்டால் குழம்புக்கும் சாறுக்கும் இளம் கறிக்கோழியில் இல்லாத ஆழ்ந்த சுவை கிடைக்கிறது. வறுவலுக்கு மட்டும் அதை வாங்க வேண்டாம்.

முழுக்கோழியின் மிச்சமெல்லாம் சமையலறையில்தான் பலனாகிறது. எல்லாவற்றையும் ஒரே அளவுத் துண்டுகளாக வெட்டச் சொல்லாமல், நெஞ்சைத் தனியாகவும் தொடை, காலைத் தனியாகவும் முதுகு, கழுத்து, இறக்கை நுனியைத் தனியாகவும் கேட்டு வாங்குங்கள். நெஞ்சு வறுவலுக்கு, தொடையும் காலும் குழம்புக்கு, மூன்றாவது பங்கை அன்றே உறைநிலைப் பெட்டியில் வைத்துவிட்டு, வாரத்தின் நடுவில் மிளகு, சீரகம், சின்ன வெங்காயம், பூண்டு தட்டிப் போட்டு நன்றாகக் கொதிக்கவிட்டால் வீட்டில் எல்லோருக்கும் ஒரு வேளை ரசம் ஆகிவிடும்.