பாரிஸின் தெலனோவே

1977இலேயே பாரிஸ் நகர மன்றத்துக்கு வந்தவர் பெர்த்ரான் தெலனோவே. தான் தன்பாலீர்ப்பாளர் என்று 1998இல் தொலைக்காட்சியில் சொன்னார். 2001இல் மேயர், 2014 வரை அவர்தான்.

அந்த 2001 தேர்தலில் மக்கள் மேயருக்கு நேரடியாக வாக்களிக்கவில்லை; நகர மன்ற உறுப்பினர்கள்தான் மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்போது 20 வட்டாரங்களிலும் தனித்தனித் தேர்தல். ஒரு வட்டாரத்தில் ஜெயித்த வேட்பாளர் பட்டியலுக்குப் பாதி இடம் அப்படியே, மீதி வாக்கு விகிதப்படி. வலதுசாரிகள் செகன் அணி, அப்போதைய மேயர் திபேரி அணி என இரண்டாக உடைய, மொத்த வாக்கில் பின்தங்கியும் தெலனோவேயின் இடதுசாரிகள் 12 வட்டாரங்களைப் பிடித்தார்கள்.

2002 அக்டோபரில், ஓர் இரவு விழாவுக்காகப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட நகர மண்டபத்திலேயே அவருக்கு வயிற்றில் கத்திக்குத்து. விழாவை நிறுத்தாதீர்கள் என்றார். எவ்வளவு பெரிய மனசு!

2007இல் அவர் காலத்தில் வந்தது வெலிப் என்ற வாடகை சைக்கிள் திட்டம். நகரில் விளம்பரப் பலகை வைக்கும் உரிமைக்கு ஈடாக ஒரு விளம்பர நிறுவனம் அதை நடத்தியது. அப்போது சந்தாதாரர்களுக்கு முதல் அரை மணி இலவசம். திருட்டும் உடைப்பும் அதிகம். மேட்டிலிருந்து இறங்குபவர்கள் திரும்ப மிதிப்பதில்லை. மேல் நிலையங்கள் காலியாகிவிடும், வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.