நாலு ஜெராக்ஸும் ஒரு வீணான நாளும்

காஷ்மீர் கிரேட் லேக்ஸ்னு, ஏரி ஏரியா தொட்டுப் போற மலை ட்ரெக்குக்குப் போறவங்க பையில முதல்ல வெக்க வேண்டியது ஆதார் ஒரிஜினல். ஜெராக்ஸ் செல்லாது, லேமினேட் பண்ணின கலர் காப்பியும் செல்லாது.

ட்ரெக் நடத்தினவங்க அனுப்பின பட்டியல்ல "அடையாள அட்டை நகல்: 4" மட்டும்தான் இருந்தது. நானும் சமர்த்தா நாலு நகல் எடுத்துக்கிட்டு, ஒரிஜினல் தொலைஞ்சுடப் போகுதுன்னு ஸ்ரீநகர் லாட்ஜ்ல விட்ட பெட்டிக்குள்ள பத்திரப்படுத்திட்டேன். சோனமர்க் பக்கத்துல, நடை ஆரம்பிக்கிற ஷிட்கடியில ராணுவச் சோதனைச் சாவடி. எல்லாரும் தாண்டிட்டாங்க. என் நகலைப் புரட்டிப் பார்த்த ஜவான் கேட்டது ஒரே வார்த்தை: "ஒரிஜினல்?"

போன்ல டிஜிலாக்கரைக் காட்டலாம்னா சிக்னலே இல்லை. நம்ம ஊர் ப்ரீபெய்டு சிம் அங்கே செத்துப்போகும், போஸ்ட்பெய்டு மட்டும்தான் எடுக்கும். ஏர்போர்ட்லயே தெரிஞ்சும், மலையில எதுக்குப் போன்னு அலட்சியமா விட்டிருந்தேன்.

ஜவான் மேல கோபமில்லை. பாதை எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டுக்குப் பக்கமாப் போகுது, காட்சர், சத்சர் ஏரின்னு வழியெல்லாம் ராணுவ முகாம். இங்கே விட்டிருந்தா அங்கேயிருந்து திருப்பியிருப்பாங்க. "நகல் போதும்"னு எழுதினவரைத்தான் தேடுறேன்.

ஸ்ரீநகருக்கு 80 கிலோமீட்டர், டாக்ஸி. திரும்பி வர்றதுக்குள்ள பொழுது சாய்ஞ்சுடுச்சு, இனிமே மேல விட மாட்டோம்னுட்டாங்க. மறுநாள் விடியற்காலையில ஒரு குதிரைக்காரரோட கிளம்பி, ரெண்டு நாள் நடையை ஒரே நாள்ல நடந்தேன். 4,000 மீட்டருக்கு மேல இருக்கிற நிச்னை கணவாயில தலை இரண்டா பிளக்கிற மாதிரி வலி. உயரத்துக்கு உடம்பு பழகறதுக்குள்ள இப்படி ஓடவே கூடாது. குதிரைக்காரர் பத்து அடிக்கு ஒருதரம் "ஆஹிஸ்தா, ஆஹிஸ்தா"ன்னார், மெதுவா மெதுவான்னு. அவர் இல்லேன்னா நான் திரும்பியிருப்பேன்.

இருட்டுற நேரத்துல விஷன்சர் ஏரிக்கரையில எங்க கூடாரங்களைப் பார்த்ததும் கண்ணு கலங்கிடுச்சு. நல்லவேளை, மறுநாள் அங்கே ஓய்வு. கிஷன்கங்கா ஆறு பிறக்கிற இடம்னு சொன்னாங்க. நான் தூங்கினேன்.

அப்புறம் காட்சர் கணவாய், சுமார் 4,200 மீட்டர். ஏற்றத்தை விட இறக்கம் மோசம், சரளைக்கல் சறுக்கும். ஊன்றுகோல் ரெண்டு வேணும், ஒண்ணு போதாது. கீழே முகாம்ல மறுபடி சோதனை. இந்தத் தடவை வரிசையில முதல் ஆளா நின்னு, கேட்கறதுக்கு முன்னாடியே ஒரிஜினலை நீட்டினேன். அவர் சரியாப் பார்க்கக்கூட இல்லை!

கங்காபல் ஏரிப் பக்கம், ஹர்முக் சிகரத்துக்கு அடியில, ஓடையைத் தாண்டறப்போ ஷூ ரெண்டும் முழுகிப்போச்சு. செய்தித்தாள் திணிச்சா ஈரம் இழுக்கும்னாங்க. செய்தித்தாளுக்கு எங்கே போறது? ஷூவுக்கு ரெண்டுன்னு நாலு ஜெராக்ஸையும் கசக்கித் திணிச்சேன். காலையில பாதி காய்ஞ்சிருந்தது.