ரம்ப ஈயும் ஒட்டுண்ணிக் குளவியும்

முள்ளங்கி இலையெல்லாம் பொத்தல். “குளவியைக் கொண்டுவந்து விட்டா இந்தக் கறுப்புப் புழு ஒழியாதா மாப்ளே?” என்று கேட்டார் தொண்டாமுத்தூர் மாமா. அந்தப் புழுவே குளவிக்குச் சொந்தம்தானுங்க மாமா!

அது ரம்ப ஈயின் புழு. எறும்பு, தேனீ, குளவி எல்லாம் இருக்கும் அதே வரிசைதான் இதுவும். ஆனால் குளவிக்கு இருக்கும் ஒடுங்கிய இடுப்பு ரம்ப ஈக்குக் கிடையாது. தாய்ப்பூச்சி முட்டையிடும் உறுப்பில் ரம்பப் பல் இருக்கும். இலை ஓரத்தைக் கீறி உள்ளே முட்டை வைக்கும். ஒட்டுண்ணிக் குளவிக்கு அதே உறுப்பு ஊசி. அது குத்தி முட்டை வைப்பது இன்னொரு பூச்சியின் உடம்பில். பொரிக்கும் குஞ்சுப்புழு அந்தப் பூச்சியைத் தின்றே வளரும்.

புழுவைத் தொட்டுப் பாருங்கள், சுருண்டு கீழே விழும். வயிற்றில் எட்டு ஜோடிப் போலிக்கால்கள், அதாவது கால் மாதிரியான சதை முளைகள், இருக்கும். வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சிப் புழுக்களுக்குப் பொதுவாக அதிகபட்சம் ஐந்து ஜோடிதான். இது அந்த இனமே இல்லை. அதனால் அந்தப் புழுக்களுக்கு அடிக்கும் பி.டி. என்ற பாக்டீரியா மருந்து இதனிடம் எடுபடாது.

குளவியின் அருமை நம்ம பக்கத்துக்குத் தெரியாததா? 2008-ல் கோவையில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி மரவள்ளி, மல்பெரி என்று எதையும் விடவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்த அசெரோபேகஸ் பப்பாயே என்ற குளவிதான் அதை அடக்கியது. ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, மனிதரைக் கொட்டாது. எனக்கு இன்றும் அது பெரிய அதிசயம்.

மாவுப்பூச்சி உப்பிக் காய்ந்து, உடம்பில் வட்ட ஓட்டையோடு இருந்தால் குளவி வந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது தயவுசெய்து மருந்து அடிக்காதீங்க.