நாகர்கோவில் என்னும் 99 எழுத்து முகவரி

எங்கள் மாவட்டத்துப் பேருந்து நேரங்களைத் தொகுத்து நான் நடத்திவரும் சிறிய இணையதளம், ஆறு ஆண்டுகளாக அப்பாச்சி என்னும் சர்வர் மென்பொருளும் பிஎச்பி நிரல்மொழியுமாக ஓடிக்கொண்டிருந்தது. தக்கலைக்கு 12, தோவாளைக்கு 27 என்று ஊருக்கு ஓர் எண் கொடுத்திருந்தேன். முகவரியின் வாலில், கேள்விக்குறிக்குப் பின்னால் அந்த எண் நிற்கும். சென்ற மாதம் நிரலைப் பைத்தானில் புதிதாக எழுதி, அதற்கு முன்னால், வருகிற கோரிக்கைகளை வாங்கிக்கொள்ள என்ஜின்எக்ஸ் என்னும் சர்வரை நிறுத்தி, எண்ணுக்குப் பதிலாக ஊர்ப்பெயரையே தமிழில் முகவரியாக வைத்தேன். நிரலுக்குச் செலவான நாள்களைவிட முகவரிகளைச் சீர்செய்யச் செலவான நாள்களே அதிகம் என்பதால், அதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

ஒரு முகவரிக்கு வருகிறவரைச் சரியான பக்கத்தில் சேர்க்க எனக்குத் தேவைப்பட்ட வழிகள் மூன்று: ரீடைரக்ட், ரீரைட், புராக்ஸி. நாகர்கோவிலில் வெளியூர்ப் பேருந்துகள் நிற்கும் வடசேரியில் நின்றுகொண்டு உள்ளூர்ப் பேருந்தைத் தேடுகிறவரிடம், “அது அண்ணா பஸ் ஸ்டாண்டுல இருந்துல்லா போகும், அங்க போங்க” என்று சொல்லி அனுப்புவது ரீடைரக்ட். நடக்க வேண்டியவர் வந்தவர்தான். அவருடைய பிரௌசரில் தெரியும் முகவரியும் மாறிவிடும். ரீரைட்டில் வந்தவருக்கு எதுவும் தெரியாது, அவர் கேட்டதைச் சர்வர் தனக்குள் வேறு பெயராக வாசித்துக்கொள்ளும். புராக்ஸியிலோ, சர்வரே பின்வாசல் வழியாகப் போய், போர்ட் 8000 என்னும் உள் இணைப்பு எண்ணில் காத்திருக்கும் நிரலிடம் கேட்டு வாங்கிவந்து, தன் கையால் தருவதுபோலத் தரும். அப்பாச்சியில் முகவரிகளை மாற்றும் மாட் ரீரைட் என்னும் பகுதியில் பழகிய கை எதற்கெடுத்தாலும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்னும் எழுத்து வார்ப்புருவை எழுதத் துடிக்கும். என்ஜின்எக்ஸில் பெரும்பாலான இடங்களில், ‘இந்த முகவரிக்குப் போ’ என்று பதில் சொல்லும் ஒற்றை வரி ‘ரிட்டர்ன்’ போதும்.

பழைய எண்களைப் புதிய பெயர்களோடு இணைக்கும்போதுதான் முதல் முட்டுக்கட்டை வந்தது. என்ஜின்எக்ஸில் எந்த முகவரிக்கு எந்த விதி என்று சொல்லும் லொகேஷனும், ரீரைட்டும் கேள்விக்குறிக்கு முன்னால் உள்ள பகுதியை மட்டுமே ஒப்பிட்டுப் பார்க்கும், ஆனால் என் எண்கள் முழுவதும் அதற்குப் பின்னால் இருந்தன. ‘மேப்’ என்னும் அட்டவணையில் எண்ணையும் அதற்குரிய புதிய முகவரியையும் இணைத்து எழுதி, அதில் கிடைக்கும் விடைக்கு ரிட்டர்ன் செய்தபோது வேலை முடிந்தது. முதலில் ரீரைட்டில் முயன்று பார்த்ததில், பழைய வால் புதிய முகவரியிலும் ஒட்டிக்கொண்டு வந்தது. ரீரைட்டின் இயல்பு அது. மாற்று முகவரியின் கடைசியில் ஒரு கேள்விக்குறியை வைத்தால்தான் வால் அறுபடும்.

புராக்ஸியைப் பொறுத்தவரை, கோரிக்கையை நிரலுக்கு அனுப்பும் ‘புராக்ஸி பாஸ்’ வரியின் இறுதியில் வரும் ஒரு சாய்கோடு என் ஒரு மாலையை முழுதாக விழுங்கியது. போர்ட் எண்ணுக்குப் பின் சாய்கோடு இருந்தால், லொகேஷனில் பொருந்திய பகுதி வெட்டப்பட்டு மிச்சம் மட்டும் நிரலுக்குப் போகும். இல்லாவிட்டால் வந்த முகவரி அப்படியே போகும். அதைச் சரிசெய்த கையோடு முடிவில்லாத சுற்று ஒன்று தொடங்கியது. எச்டிடிபிஎஸ் என்னும் பாதுகாப்பான இணைப்பின் குறியாக்கம் என்ஜின்எக்ஸோடு முடிந்துவிடுவதால், பின்னால் இருக்கும் நிரலுக்கு வருவதெல்லாம் வெறும் எச்டிடிபியாகத் தெரிந்தது. அது பாதுகாப்பான முகவரிக்குப் போகச் சொல்ல, அந்த முகவரியிலிருந்து வருவதும் மறுபடி வெறும் எச்டிடிபியாகவே அதற்குத் தெரிய, பிரௌசர் ஒரு கட்டத்தில் அலுத்து நின்றுவிட்டது. எந்த வழியில் வந்தது என்பதை ‘எக்ஸ் ஃபார்வர்டட் புரோட்டோ’ என்னும் கோரிக்கைத் தலைப்பில் (ஹெடர்) எழுதி அனுப்பி, அதை நம்பும்படி நிரலுக்கும் சொன்ன பிறகே சுற்று நின்றது. அந்தத் தலைப்பை வெளியிலிருந்து வருகிறவரும் பொய்யாக எழுதி அனுப்பலாம் என்பதால், என்ஜின்எக்ஸ் அதைத் தன் மதிப்பால் மாற்றி எழுதுகிறதா என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

குளச்சலுக்கான வரியில் செய்த பிழை இதைவிட மோசமானது. சோதனைக்காக வைத்திருந்த வெற்றுப் பக்கம் ஒன்றுக்கு அதை 301 போட்டுத் திருப்பிவிட்டிருந்தேன். இருபது நிமிடத்தில் கண்டுபிடித்துத் திருத்திவிட்டேன், ஆனால் அன்று இரவே பெரியம்மா அழைத்தார்: “மக்களே, நீ போட்டுவச்ச பஸ் டைம் ஒண்ணும் வரமாட்டேங்கு, வெள்ளையாட்டு நிக்கி.” 301 என்றால் நிரந்தரம் என்று பொருள், பிரௌசர் அதை நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை சர்வரைக் கேட்காமலே பழைய திசைக்குப் போய்விடும். அந்த வெற்றுப் பக்கத்திலிருந்து குளச்சலுக்குத் திரும்பத் திருப்பினால், நினைவில் இருக்கும் 301 மறுபடி வெற்றுப் பக்கத்துக்கே தள்ளும், பெரியம்மாவின் செல்பேசி அங்கும் இங்குமாக ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே வெற்றுப் பக்கத்தின் முகவரியிலும் குளச்சல் நேரங்களையே காட்டும்படி உள்ளுக்குள் ரீரைட் செய்தேன். ரீரைட்டுக்கு உண்மையான தேவை வந்த இடம் இதுதான். இப்போதெல்லாம் எதையும் முதலில் 302 என்று தற்காலிகமாகத் திருப்பி, ஒரு வாரம் பார்த்த பிறகே 301 ஆக்குகிறேன்.

இத்தனைக்குப் பிறகும் ‘பக்கம் இல்லை’ என்னும் 404 பதிவுகள் சர்வரின் பதிவேடான லாகில் வந்துகொண்டே இருந்தன. மார்த்தாண்டம், தக்கலை, குழித்துறை எதிலும் தவறு இல்லை. தோவாளை, கோட்டாறு, நாகர்கோவில், கொல்லங்கோடு ஆகிய ஊர்கள் மட்டும் சில சமயம் கிடைத்தன, சில சமயம் கிடைக்கவில்லை. எழுத்துகளுக்குக் கணினி தரும் எண்ணே யூனிகோட் குறி; அதைச் சேமிக்கும் யுடிஎஃப் 8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டையும் சதவீதக் குறியும் இரண்டு எழுத்துமாக எழுதும்போது அது ஒன்பது எழுத்தாக நீளும். புள்ளியும் துணைக்குறியும் தனித்தனிக் குறிகள் என்பதால் ‘நாகர்கோவில்’ பதினொரு குறிகள், எனவே 99 எழுத்து. லாகில் பிழையான வரிகளை எண்ணினால் 108 இருந்தது. ஒரு குறி கூடுதல்.

‘கோ’வில் உள்ள துணைக்குறியை யூனிகோடில் ஒற்றைக் குறியாகவும் எழுதலாம், இரட்டைச் சுழியையும் காலையும் தனித்தனியே தட்டி இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், சர்வருக்கோ அவை இரு வேறு ஊர்கள். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய என் ஊர்ப் பட்டியலில் சில பெயர்கள் இரண்டாம் வடிவத்தில் இருந்தன. அந்தப் பட்டியலிலிருந்து நானே பல வாட்ஸ்அப் குழுக்களில் இணைப்புகளைப் பகிர்ந்தும் இருந்தேன். ‘கோவில்’, ‘கோயில்’ என்ற எழுத்துவேறுபாட்டுக்கு மட்டும்தான் நான் முன்யோசனையாக ஏற்பாடு செய்திருந்தேன்.

என்ஜின்எக்ஸுக்கு இந்த வடிவங்களை ஒன்றாக்கத் தெரியாது. வருகிற பெயரை, இத்தகைய துணைக்குறிகளை ஒற்றைக் குறியாகச் சேர்த்தெழுதும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றி, மாறியிருந்தால் சரியான முகவரிக்குத் திருப்பும் வேலையைப் பைத்தான் நிரலிடமே ஒப்படைத்தேன். அதன் நூலகத்தில் அதற்கு ஒரு வரி போதும். கொல்லங்கோட்டில் ‘கொ’, ‘கோ’ இரண்டும் இருப்பதால் நான்கு வடிவங்கள் சாத்தியம். நான்கையும் கையால் தட்டிச் சோதித்தேன், நான்கும் ஒரே பக்கத்தில் வந்து நின்றன.